குற்றியும் குட்டியும்

இன்று காலை உங்கள் கடையைத் திறந்து விளக்குப் போடுவதற்குள் ஒருவர் வந்து நின்றார். "சேச்சீ, வாதிலினு ஒரு குற்றி வேணம்." கடைக்குப் புதியவளான எனக்கு விளங்கவில்லை. அவரே தாழ்ப்பாள் பெட்டியைக் கை காட்டினார். நம் வீட்டில் அதைக் கொண்டி என்றுதானே சொல்வோம்? நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்தார். "இதும் குற்றி, பசுவினெ கெட்டுந்நதும் குற்றி, சேச்சீ." மாடு கட்டுகிற முளையும் குற்றிதானாம். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே குற்றி விற்றவர் நீங்கள். உங்களுக்கா அந்தச் சொல் தெரியாது?

பக்கவாதத்தில் வலது கை விழுந்தபோது கழக்கூட்டம் ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போனோம். பிள்ளைகள் விளையாடும் பெக் போர்டு ஒன்றை உங்கள் முன் வைத்தார்கள். துளைத் துளையாக ஒரு பலகை, பக்கத்தில் டப்பா நிறைய வண்ண முளைகள். ஒவ்வொன்றாக எடுத்துத் துளையில் செருக வேண்டும், அவ்வளவுதான். பயிற்சி கொடுத்த பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். "அங்கிளே, சுவந்ந குற்றி எடுக்கூ."

சிவப்பு முளை விரலில் நிற்காமல் விழுந்தது. மறுபடி எடுத்தீர்கள், மறுபடியும் விழுந்தது. அடுத்த மேசையில் ஒரு சின்னப் பெண் தன் பலகையில் பூ ஒன்றை முடித்துவிட்டுக் கை தட்டினாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். இடது கையால் பலகையைத் தள்ளிவிட்டீர்கள்.

"ஏட்டி, அவ என்னைய குட்டிங்கா, கேட்டியா? நான் என்ன பால்குடிப் பிள்ளையா? எந்திரி, போவோம்."

"அய்யோ அங்கிளே, குட்டி எந்நல்ல!" என்று அந்தப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். நான் உங்களைத்தான் நம்பினேன். மலையாளத்தில் பிள்ளைக்குக் குட்டி என்று பெயர். இவ்வளவு பெரிய மனிதரை அப்படிச் சொல்லலாமா என்று ஆட்டோவில் வீடு வரைக்கும் அவளைத் திட்டித் தீர்த்தேன்.

வீட்டிலாவது செய்வீர்களென்று அதே மாதிரி ஒரு பலகை வாங்கி வந்தேன். "பிள்ளைய வெளையாடுத சாமான். தூரக் களை" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கை மடங்கினது மடங்கினதுதான். பயிற்சி செய்தால் கடையில் போய் உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கடை கடை என்றே கிடந்த மனிதர், கண் மூடுகிற வரைக்கும் அதன் படியை மறுபடி மிதிக்கவே இல்லை.

உங்களுக்குச் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. குற்றி என்றுதான் கேட்டிருக்கிறது. என் முன்னால் தோற்க முடியாமல் ஒரு எழுத்தைத் திரித்துப் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

யார் முன்னால் என்ன மானம்? குளிப்பாட்டியவள் நான். சோறு பிசைந்து ஊட்டியவள் நான். அதற்கெல்லாம் வராத வெட்கம், ஒரு பிளாஸ்டிக் முளை கை தவறி விழுவதை நான் பார்த்ததும் வந்துவிட்டதா?

இந்தக் கோபம் எனக்குத் தீரப்போவதில்லை. தீர வேண்டாம். நூறு தடவை கீழே போட்டிருந்தாலும் நூறு தடவையும் குனிந்து எடுத்துக் கொடுத்திருப்பேனே, பாவி மனுஷா.