சொல்லாமல் விட்ட அழைப்பு

2024 நவம்பர் 3, ஞாயிறு

நாலரைக்கே இருட்டிவிட்டது. தேவாலயத்தில் பூசை முடிந்து அப்பா வீட்டில் சாப்பாடு. அப்பா வழக்கம்போல என் புருசன் வெய்-ஜுன்னைப் பார்த்து, “மருமோன் விளையாடினது கிரிக்கெட் மாதிரியோ?” என்று கேட்டார். இவர் டென்மார்க் வந்து ஒன்றரை வருடமாக இதே கேள்வி. வெய்-ஜுன்னிடமிருந்தும் அதே சிரிப்பு.

கிரிக்கெட் இல்லை அப்பா, பேஸ்போல். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று, தரையில் பாய்ந்துவரும் பந்தை அள்ளி முதலாம் தளத்துக்கு எறிகிறவர். பதினெட்டு வயதில் அமெரிக்காவுக்குப் போனார். ஐந்து வருடம் சின்ன ஊர் அணிகள், பஸ்ஸிலேயே நித்திரை. பெரிய அணி ஒருநாளும் கூப்பிடவில்லை. பிறகு தாய்வான் திரும்பி, தாய்ச்சுங் நகர அணியில் ஏழு வருடம். காற்றாலை வேலைக்கென்று நான் அங்கே போனபோது, மைதானம் முழுவதும் அவருடைய பெயரைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தது. பிறகு முழங்கையில் காயம். சத்திரசிகிச்சை. ஒருநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, முகம் தெரியாத ஒருவர் மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் முடித்துவைத்தார்.

இப்போது இங்கே, பிரெடெரிசியாவில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் உறைந்த மீன்பெட்டி அடுக்குகிறார். முப்பத்திரண்டு வயது.

நவம்பர் 11, திங்கள்

மத்தியானம் ஒரு மின்னஞ்சல். வெய்-ஜுன்னின் பழைய பயிற்சியாளரிடமிருந்து. வெய்-ஜுன் தன் ஊர்க்காரர் ஒருவரோடும் தொடர்பு வைத்திருக்கவில்லை, தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டார். அதனால் என் விலாசத்துக்கு வந்திருக்கிறது. அணியிலிருந்து விலகும்போது பத்திரங்களை அனுப்பியது நான்தானே.

இரண்டாம் அணியில் ஓர் இளம் ஆட்டக்காரனுக்குக் கால் முறிந்துவிட்டதாம். டிசம்பரில் வந்து ஆடிக்காட்டினால் ஒரு பருவத்துக்கு எடுக்கலாமாம். மாத முடிவுக்குள் பதில் வேண்டுமாம்.

மூன்று தரம் வாசித்தேன். பிறகு வேறொரு கோப்புறைக்குள் போட்டேன்.

ஒரு பருவம் என்றால் ஒன்பது மாதம். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இங்கே அவருடைய வதிவிட அனுமதி போய்விடும். அந்த அனுமதிக்காக எத்தனை மாதம் தனியே காத்திருந்தேன்! திரும்பவும் முதலில் இருந்தா?

இல்லை, அது மட்டும் இல்லை. உண்மையைத்தான் எழுது, யசிந்தா. அங்கே அவர் ஒரு ஆள். இங்கே என்னுடைய புருசன், அவ்வளவுதான். போனால் எதற்காகத் திரும்பி வருவார்?

நாளைக்குச் சொல்லுவேன்.

நவம்பர் 12

சொல்லவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில், பேஸ்போல் ஆடும் ஒரு சின்னக் குழு இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு ரயிலில் போவார். இன்று நானும் போனேன். குளிர்காலம் என்பதால் ஒரு பள்ளிக்கூடத்து உள்ளரங்கம். ஆசிரியர் ஒருவர், தபால்காரர் ஒருவர், கணினி வேலைக்காரர் மூன்று பேர். எல்லாருக்கும் தொந்தி வைத்திருக்கிறது.

வெய்-ஜுன் பந்து அள்ளுவதைப் பார்த்து இரண்டு வருடம். பந்து வருமுன்னே உடம்பு அங்கே போய் நிற்கிறது. குனிவது தெரியவில்லை, நிமிர்வது தெரியவில்லை. மற்றவர்கள் தங்கள் பயிற்சியை விட்டுவிட்டுச் சுவரோரம் நின்று பார்த்தார்கள். தபால்காரர்தான் கேட்டார்: “உன்னைப்போல ஒருவன் இந்த நாட்டில் என்ன செய்கிறான்?”

மொழிப்பள்ளியில் படித்த டேனிஷில் இவர் சொன்னார்: “மனைவி இங்கே.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பிவர ரயிலில் இரண்டரை மணித்தியாலம். சொல்ல எத்தனை இடம் இருந்தது! கோர்சோர், நைபோர், ஓடென்ஸ — ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் முழங்கையை மெதுவாக மடித்து நீட்டி, மடித்து நீட்டி, யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 30, சனி

இன்றுதான் கடைசி நாள். காலையில் தேத்தண்ணி போட்டுத் தந்தார். “முகம் வெளிறிக் கிடக்கு, காய்ச்சலோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். இப்போது இரவு ஏழு மணி. தாய்வானில் இந்த நாள் முடிந்திருக்கும்.

முடிந்தது. நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 9, திங்கள்

வேலையால் வந்து சப்பாத்துக் கழற்றுகிறேன், சமையலறை மேசையில் இருக்கிறார். நாங்கள் பேசுவது ஆங்கிலமும் சீனமும் கலந்த ஒரு பாஷை. எழுதும்போது எனக்கு அது என் தமிழாகத்தான் வருகிறது.

“அந்தக் கடிதத்துக்கு என்ன பதில் போட்டனீர்?” என்றார்.

எந்தக் கடிதம் என்று கேட்கவில்லை. அந்த அளவுக்காவது பொய் சொல்லவில்லை.

“ஒண்டும் போடேல்லை.”

தலையாட்டினார். ரயில் ரிக்கெற் எடுக்க என் கணினியைத் திறந்தபோது அந்தக் கோப்புறை திறந்தபடியே கிடந்ததாம். நவம்பர் பதின்மூன்றாம் தேதி. ஹ்விடோவ்ரே போவதற்கு நாலு நாளுக்கு முதலே!

“அப்ப ஏன் நீங்கள் கேக்கேல்லை? நீங்களே பதில் போட்டிருக்கலாமே?” — என்ர குரல்தான் உயர்ந்தது. பிழை செய்தவள் நான், கத்தினதும் நான்.

“நீர் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒவ்வொரு நாளும்.” கையை நீட்டிக் காட்டினார். முழுதாக நீளவில்லை. “இந்தக் கையாலை ஏலாது எண்டு எனக்குத் தெரியும். நீர் சொல்லியிருந்தால், வேண்டாம் எண்டு நானே சொல்லியிருப்பன். முதல்தரம் ஆரோ ஒருத்தன் என்னை முடிச்சுவைச்சான். இந்தமுறை நானே முடிக்கலாம் எண்டு நினைச்சன். நீர் அதுக்கு இடம் தரேல்லை.”

கோபமே இல்லை அந்தக் குரலில். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உடுப்புத் தோய்க்கப் போனார்.

டிசம்பர் 15

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். “ஆம்பிளையளின்ர கோவம் ஆறும் பிள்ளை, பொறு” என்றா.

“அவருக்குக் கோவம் வரேல்லை அம்மா. அதுதான் பயமாக் கிடக்கு.”

அம்மா பிறகு கேட்டா: “ஏன் பிள்ளை மறைச்சனீ?” பதில் எனக்குத் தெரியும். எழும்பிப்போய் மேசையைத் துடைத்தேன்.

டிசம்பர் 18

பயிற்சியாளருக்கு நானே அழைத்தேன். பிழை என்னுடையது, வெய்-ஜுன் தாமதிக்கவில்லை என்று சொன்னேன். அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்களாம். ஜனவரியில் பொதுத் தேர்வு இருக்கிறது, யாரும் வரலாம், வாக்குத் தரமாட்டேன் என்றார்.

தொலைபேசியை வைத்த கையோடு வெய்-ஜுன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு சொல் விடாமல். “போறன்” என்றார்.

2025 ஜனவரி 8, புதன்

பில்லுண்ட் விமான நிலையம். வழி முழுக்க மூடுபனி, பாதையோரம் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு பை, ஒரு கையுறை. திரும்பி வரும் தேதியை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உள்ளே போகுமுன் என் கழுத்துத்துணியை இழுத்துச் சரிசெய்தார்.

ஜனவரி 18

தொலைபேசினார். முதல் நாலு பந்தும் சரியாக அள்ளினாராம். எறிந்தபோது நாலும் முதலாம் தளத்துக்கு முன்னாலேயே விழுந்து உருண்டனவாம். ஐந்தாவது பந்தை எறியவில்லை. கையில் வைத்துக்கொண்டே நடந்துபோய்ப் பயிற்சியாளரிடம் கொடுத்து, கைகுலுக்கி, “எனக்கு இவ்வளவு காணும்” என்றாராம்.

“நீங்களே சொன்னீங்களோ?”

“ஓம். நானே சொன்னன்.”

இத்தனை மாதத்தில் முதல்முறையாக அந்தக் குரலில் ஓர் அமைதி. நான் அழுதது அவருக்குக் கேட்டிருக்காது.

பிப்ரவரி 2

இரண்டாம் அணிப் பெடியளுக்குத் தரைப்பந்து அள்ளப் பழக்க ஆள் வேண்டுமாம். பருவம் முடியும்வரை. “நிக்கட்டோ?” என்று கேட்டார்.

நில்லுங்கோ என்றேன். வேறு என்ன சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது?

ஏப்ரல் 21

உயிர்த்த ஞாயிறு நேற்று. அப்பா கேள்வி கேட்கவில்லை. மேசையைச் சுற்றி ஒரு கதிரை அதிகமாக இருந்தது, அம்மா எடுத்து உள்ளே வைத்தா.

ஜூலை 13

ஆறு மாதம் தாண்டிவிட்டது. ‘அனுமதியை நீட்டிக்க விண்ணப்பிப்பமோ’ என்று ஒருமுறை கேட்டிருந்தேன். “பாப்பம்” என்றார். இரண்டு பேரும் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

நகரசபையிலிருந்து கடிதம்: இந்த விலாசத்தில் பதிவில் இருப்பது இனி ஒருவர் மட்டும். கீழே போய்த் தபால் பெட்டியில் ஒட்டியிருந்த அவருடைய பெயரை உரித்தேன். பசை விடவில்லை. சுடுதண்ணியும் துணியும் கொண்டு போய் அரைமணி நேரம் தேய்த்தேன். மேல்மாடிப் பெண் “வீடு மாறுகிறீர்களா?” என்று கேட்டாள். இல்லை என்றேன்.

மேலே வந்தபோது அவரிடமிருந்து ஒரு செய்தி. “இங்கை மழை. ஆட்டத்தை நிப்பாட்டிட்டினம். சாப்பிட்டீரோ?”

சாப்பிட்டேன் என்று எழுதினேன். அழித்தேன். இன்னும் சாப்பிடவில்லை, பெட்டியிலிருந்த உங்கள் பெயரை இன்றைக்கு எடுத்துவிட்டேன் என்று எழுதினேன். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அனுப்பினேன்.

அவர் வாசித்துவிட்டார் என்று காட்டியது. சமையலறையில் நின்றபடியே காத்திருந்தேன். பத்து நிமிடம் இருக்கும்.

“சொன்னதுக்கு நன்றி” என்று வந்தது.