பூந்திக்குப் போட்ட கேட்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகன் கமலுக்கு அம்மா எழுதிக்கொண்டது. நானும் நம்ம நாய் பூந்தியும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ தோகாவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது இதென்ன புதுசாகக் கடிதம் என்று சிரிக்காதே. போனில் பேசினால் அப்பா அறைக்குக் கேட்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் வீடியோவில் அந்த அறை வாசலில் கேட்டைப் பார்த்துவிட்டு எதுக்கும்மா என்று கேட்டாய், நாய்க்குத்தான் என்று மழுப்பினேன். அது பாதிதான் நிஜம். அப்பாவை எடுத்த மறுநாளிலிருந்து பூந்தி அவர் கட்டிலடியை விட்டு நகரவில்லை, சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை, விலா எலும்பை எண்ணலாம் போல ஆகிவிட்டது. சனியனே நீயும் போய்ச் சேரப் போறியா என்று திட்டி வெளியே இழுத்து விட்டேன், திரும்ப உள்ளே போகாமலிருக்கத்தான் அந்தக் கேட். சாயப்பட்டறையில் பட்டு நூலைத் தொங்கவிட்டு முக்குவதற்கு அப்பா வைத்திருந்த மூங்கில் கோல்கள் பரணில் கிடந்தன இல்லையா, அவற்றை இடுப்பளவுக்கு அறுத்து ஆணி அடித்தேன், கீலுக்கு அவர் சைக்கிளின் பழைய டியூபைக் கட்டினேன், கூடத்துப் பக்கம் ஒரு கொக்கி. கோணல்தான், ஆனால் நிற்கிறது.

இப்போது பூந்தி சாப்பிடுகிறது. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு, அப்பா பட்டறையிலிருந்து வருகிற நேரத்துக்கு, கேட்டின் முன்னால் போய் உட்கார்ந்து வாலை ஆட்டுகிறது. அண்ணாந்து காதை மடக்கிக்கொள்கிறது, யாரோ தலையைத் தடவிக் கொடுக்கிற மாதிரி. நேற்று கிட்டே போய் மேல்கோலைத் தொட்டேன். ஈரம். என் விரலெல்லாம் அரக்குச் சிவப்பு. கோலில் ஊறின சாயம் கசியும்மா, பயப்படாதே என்று பட்டறைக்கார வரதராஜன் சொன்னார். மழை பெய்து இருபது நாளாகிறது, எந்த ஈரத்தில் கசியும், நீயே சொல்.

எனக்கு அப்பாவிடம் பயம் இல்லை கமல். தப்பு என்னுடையது, உன்னிடம் இத்தனை நாளாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அவரைத் தூக்கிக்கொண்டு படி இறங்கியபோது, முப்பது வருஷமாகத் தினம் காலையில் சொல்லிப் பழகின பாழும் வாய், போயிட்டு வாங்க என்று சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டு இளவரசி ஓடி வந்து வாயைப் பொத்தினாள். சாவு வூட்டுக்கு வந்தவங்களே வரேன்னு சொல்லாம போறாங்க, நீ இன்னாக்கா அவரையே கூப்டுக்கினு நிக்கிற என்றாள். என் பேச்சை ஒரு நாளும் தட்டாத மனுஷன், வந்துவிட்டார். கூப்பிட்ட நானே குறுக்கே கேட்டைப் போட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன். கூடத்துக்கு வரவும் முடியாமல் போகவும் முடியாமல் நிற்கிறார்.

மூன்று நாள் அங்கே நின்று சொல்லிப் பார்த்தேன். போங்க என்று ஆரம்பிக்கிறேன், அதோடு நிறுத்த முடியாமல் வாங்க என்றும் வந்துவிடுகிறது. அன்றைக்கு உனக்கு லீவு கிடைக்காதது உன் குற்றமில்லை, இப்போது பத்து நாளாவது கேட்டு வாங்கி வா. அந்த வாசலில் நின்று போங்கப்பா என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு, நீ சொன்னால் கேட்பார்.

உச்சி வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. நீ நோய்நொடி இல்லாமல் நல்லா இருக்கணும்பா. தோகாவுக்குத் திரும்பும்போது மட்டும், அப்பா காதில் விழாதபடி வீட்டுக்குள் எதுவும் பேசாமல் தெருமுனை வரைக்கும் வந்து, என்னிடம் தனியாகப் போயிட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் அம்மா
கலையரசி