இறக்கையை ஆட்டியது

பிப்ரவரி 9, ஞாயிறு

வெயில் இப்போதே சுள்ளென்று. இடது கையில் மாவுக்கட்டு. தலை பின்ன முடியவில்லை, அம்மா பின்னிவிட்டாள். உதட்டுத் தையல் இழுக்கிறது. சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை, அதனால் பரவாயில்லை.

நேற்று மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். மோகன் சாரை அனுப்பவில்லை. எனக்கு விமானம் ஓட்டக் கற்றுத்தருகிறவர். வியாழக்கிழமை விமானம் விழுந்தபோது பக்கத்து சீட்டில் இருந்தவர். முதுகில் ஆபரேஷன் முடிந்தது. இரண்டு காலிலும் உணர்ச்சி இல்லை. "வீக்கம் வத்தட்டும், பார்ப்போம்" என்கிறார்கள். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். மல்லாங்கிணற்றிலிருந்து அத்தை, கை நிறைய ஆரஞ்சு. வீரசோழனிலிருந்து அப்பாவிடம் பருத்தி வாங்கும் பாய், பேரீச்சம்பழம். எல்லோருக்கும் அப்பா சொல்வது ஒரே கதைதான்.

"எம்மக சொன்ன மாதிரியே வந்தா பாய். ஊரே ரோட்டுல நிக்கிது. நான் துண்ட வீசுறேன். அவ மேலருந்து றெக்கைய ஆட்டுறா. இப்பிடி, இப்பிடி. அந்த நெலமையிலயும் அப்பன மறக்கல, பாத்தீகளா."

இரண்டு கைகளையும் விரித்து, சாய்த்துச் சாய்த்துக் காட்டுகிறார். பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூங்குவதுபோல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

எழுதிவிட்டால் தலையை விட்டுப் போகிறதா பார்க்கிறேன்.

முதல் தப்பு என் வாய். போனில் அப்பாவிடம், "வியாழக்கிழமை காலையில நம்ம ஊரு மேலதாம்ப்பா போறேன்" என்றேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். சொல்லாமல் இருப்பாரா.

அருப்புக்கோட்டை தாண்டியதும் இன்ஜின் ஒரு தடவை இருமியது. அப்புறம் உதறல். அப்புறம் காற்றுச் சத்தம் மட்டும். விமானத்தின் மூக்கிலிருந்த விசிறி காற்றுக்குச் சும்மா சுற்றியது.

படித்த பாடம்: வேகத்தைப் பிடி. இடத்தைப் பார். பெட்ரோல், சாவி, மறுபடி ஸ்டார்ட். ரேடியோவில் சொல். கதவைத் திறந்து வை. எல்லாம் செய்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

இடம்? கண்மாய்க்குள் முழுக்கச் சீமைக்கருவேலம். கரிசல் காடெல்லாம் பருத்தி, வரப்பு, கரண்டு கம்பி. எங்கள் ஊரிலிருந்து எம்.ரெட்டியபட்டிக்குப் போகும் ரோடு மட்டும் நேராக, நீளமாக.

"சார், அந்த ரோடு எனக்குத் தெரியும்."

"சரி, போ."

தெரியும் என்று சொன்ன எனக்கு, இந்த மாதத்தில் அந்த ரோடு பாதி களம் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு பக்கம் குதிரைவாலி காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறாமல் இருக்கச் சுற்றிலும் கல். அதுகூடப் போகட்டும், கல்லில் மோதினால் சக்கரம்தான் உடையும். மறு பக்கம் நின்றது ஊர்.

ஓடுவார்கள் என்று நினைத்தேன். இன்ஜின் சத்தம் கேட்டிருந்தால் பயந்திருப்பார்கள். சத்தமே இல்லாமல், தாழ்வாக, நேராக அவர்களைப் பார்த்து வந்தேன். ஊர்ப்பிள்ளை பக்கத்தில் வந்து முகம் காட்டிவிட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள் போல. கை காட்டினார்கள். விமானத்தில் ஹாரன் கிடையாது. கத்தினேன், யாருக்குக் கேட்கும். இறக்கையை ஆட்டினேன், போங்க, போங்க என்று. பிள்ளைகள் குதித்தன. எல்லோருக்கும் முன்னால், நடு ரோட்டில், வெள்ளைத் துண்டு.

"விடு, நான் பிடிக்கிறேன்" என்றார் சார். வலது பக்கம் ஒடித்துத் திருப்பினார். பருத்திக்காடு. சக்கரம் உழவுச்சாலில் மாட்டியது. அவர் பக்கம் வரப்பில் மோதியது.

எழுதியும் போகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

மாத்திரை: காலை 2, மதியம் 1. மதியத்தது மறந்துபோச்சு.

விசாரணை அதிகாரியிடமிருந்து போன். மரியாதையாகத்தான் பேசினார். ரோட்டைப் பார்த்துவிட்டு ஏன் கடைசியில் விலகினீர்கள்?

"ரோட்டுல நிறைய ஆளுங்க இருந்தாங்க சார்."

"அவ்வளவு பேரா? எதுக்கு?"

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான், கொட்டை எடுத்து.

"தானியம் காயப்போட்டிருந்தாங்க" என்றேன்.

"அடுத்த வாரம் நேர்ல வரோம், அந்த ஊர்க்காரங்ககிட்டயும் பேசணும்" என்றார். வரட்டும். அப்பா கையை விரித்து ஆட்டிக் காட்டப்போகிறார். அதற்குள் நானே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்ல? "யாரு தாயி போன்ல?" என்றார். விமான ஸ்கூலிலிருந்து என்றேன்.

பிப்ரவரி 12, புதன்

சாரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் அப்பாவும் கிளம்பிவிட்டார். வேண்டாம் என்றேன். "நம்ம மண்ணுல விழுந்த மனுசன், பாக்காம இருந்தா நல்லாவா இருக்கும்." வெள்ளைச் சட்டை, அதே துண்டு. பஸ்ஸில் மடியில் இளநீர் இரண்டு.

சார் மல்லாந்து படுத்திருந்தார். தாடி வளர்ந்திருக்கிறது. என்னைப் பார்த்து, "கை எப்படி இருக்கு?" என்றார். என் கை.

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு ஆரம்பித்துவிட்டார். "ரோட்டுல நாங்க அம்புட்டுப் பேரும் நிக்கிறோம் சார். ஒங்க ஏரோப்ளேன் இப்பிடி..." கை விரிந்துவிட்டது. சார் என்னைப் பார்த்தார். "ஆமாங்க, நல்லாத் தெரிஞ்சுது" என்றார்.

சாரின் மனைவி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பாவை யாரென்று தெரியும், இறக்கை ஆட்டியதை அப்பா எப்படி எடுத்துக்கொண்டார் என்று தெரியாது.

"அந்த ரோட்டுல இருந்தவங்களா நீங்க? இவருக்கு நினைவு வந்ததும் முதல்ல கேட்டதே அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையேன்னுதான். விலகச் சொல்லி அவ்வளவு இறக்கைய ஆட்டினோம், ஒருத்தர்கூட விலகலையேன்னு சொல்லிக்கிட்டே இருந்தாருங்க."

அப்பாவின் கைகள் விரித்தபடியே இருந்தன. பிறகு கீழே வந்தன. இளநீரை எடுத்து மேசைமேல் வைத்தார், மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார்.

டாக்டர் வந்து சாரின் உள்ளங்காலில் குத்திப் பார்த்தார். "தெரியுதா?" தெரியவில்லை. அடுத்த கால். தெரியவில்லை. அப்பா அதையும் பார்த்தார்.

திரும்பி வரும்போது, அருப்புக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குகையில், "ஏந் தாயி எங்கிட்டச் சொல்லல" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 14, வெள்ளி

நேற்று எழுதவில்லை. கை அரிப்பு, மாவுக்கட்டுக்குள் ஈர்க்குச்சி விட்டுச் சொறிந்தேன்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து சொந்தக்காரர்கள். "ஏம்ப்பா, றெக்கைய ஆட்டுச்சாமில்ல புள்ள?" என்று கேட்டார்கள், கதை கேட்க உட்கார்ந்தார்கள். "கைதான் ஒடஞ்சிருக்கு, சரியாப் போகும்" என்றார் அப்பா. காட்டுக்குப் போய்விட்டார். அம்மா காபி கொடுத்து அனுப்பினாள்.

அப்பா சாப்பிடுவதில்லை. அம்மா என்னிடம் கேட்கிறாள், "அவருக்கு என்னடி ஆச்சு?" உங்கள் தப்பு இல்லைப்பா என்று சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் தெரியும், ரோடு காலியாக இருந்திருந்தால் சார் இன்று நடந்துகொண்டிருப்பார்.

பிப்ரவரி 15, சனி

வெயில். காற்றில்லை. சார் வீட்டிலிருந்து போன் இல்லை.

பத்து மணிவாக்கில் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தேன். எங்கள் ஸ்கூல் விமானம்தான். நல்ல உயரம், நல்ல இன்ஜின். அது பாட்டுக்குத் தெற்கே போனது.

ரோட்டில் பெண்கள் குதிரைவாலி கிண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா காட்டிலிருந்து ஓடி வந்தார். செருப்பில்லை. "எறங்குங்க, ஓரமாப் போங்க, எறங்குங்க" என்று இரண்டு கையாலும் எல்லோரையும் விரட்டினார். "அது எங்கிட்டோ போகுது மாமா" என்றாள் ஒருத்தி சிரித்துக்கொண்டே. அவர் கேட்கவில்லை. தானியத்தைச் சுற்றி வைத்திருந்த கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தார். விமானம் மறைகிறவரை யாரையும் ரோட்டில் ஏற விடவில்லை.