உறைந்துபோன கார்த் தண்ணீர்

ஜனவரி, ஞாயிறு இரவு.



சாயங்காலம் கோவளம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தபோது கனடாவிலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். தங்கைக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கார் கண்ணாடியெல்லாம் சேறும் பனியும். கழுவுகிற தண்ணீர் டப்பாவிலேயே உறைந்துவிட்டதாம். பெட்ரோல் பங்கில் ஒதுங்கியிருந்தார்.

"ரோடே தெரில மச்சான், இன்னா பண்றது?"

பனியையே பார்க்காத என்னிடம் கேட்டார்.

பின்சீட்டிலிருந்து தங்கை கத்தினாள்: "வெறுந்தண்ணி ஊத்தாதன்னு அன்னிக்கே சொன்னேன்ல! குளிருக்குன்னு ஒரு லிக்விட் விக்கிறான். வாங்கியாந்து கண்ணாடி மேல ஊத்தித் தொடய்யா!"

துடைத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதன்பின் போனே இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதுதான் படம் வந்தது. பெண் குழந்தை! முஷ்டியை உயர்த்திக்கொண்டு, அவள் அம்மா மாதிரியே சண்டைக்குத் தயாராக இருக்கிறாள். நான் மாமாவாகிவிட்டேன். தூக்கமாவது, வருவதாவது!