ஒன்பது சூரியனும் ஒரு சமையல்காரனும்

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்து இரண்டாம் நாள். ஒன்பதாம் வகுப்புக்கு நாலு பீரியட் கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை.

காலையில் வழக்கம்போல் வீட்டுக்காரர் முன்னால் உட்கார்ந்து, "என் பேர் என்ன, சொல்லுங்க" என்றேன். என்னையே பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது. கடைசியில், "அது" என்றார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அந்த ஒரு சொல்தான். சோறும் அது, மாத்திரையும் அது, பெண்டாட்டியும் அது. வண்ணார்பேட்டையில் இவர் பல்செட் செய்யும் லேப் பூட்டிக் கிடக்கிறது. கால் பரவாயில்லை, பிடித்துப் பிடித்து நடக்கிறார். வலது கைதான் மடியிலேயே கிடக்கிறது. "ஏட்டி ராணி" என்று தெருமுனையிலிருந்தே கூப்பிடுகிற மனுஷன். ஜெபராணி என்ற பெயரை வீட்டில் முழுதாகச் சொன்னதே கிடையாது. இப்போது பாதிகூட வரவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மத்தியானம் தச்சநல்லூரிலிருந்து சிவகணேஷ் வந்தான். மின்வாரியத்தில் வேலை. வாரம் தவறாமல் இவரோடு அந்தச் சண்டை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தவன். 'நைன் டெட் சன்ஸ்' என்று பெயர். விரல் உயரச் சிப்பாய்ப் பொம்மைகள், அளவு டேப், பகடை, தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம். அண்டத்தில் ஒன்பது சூரியன்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோய், மிச்ச வெளிச்சத்துக்காக எல்லாரும் அடித்துக்கொள்கிறார்களாம். "செத்த சூரியனை விடுங்க, சமையலறையில செத்த பல்பை மாத்துங்க" என்று நான் சொல்லாத வாரமில்லை.

"அண்ணாச்சி சும்மா பாத்துக்கிட்டாவது இருக்கட்டும் மைனி" என்று சாப்பாட்டு மேசையில் பொம்மைகளைப் பரப்பினான். டேப்பின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னான். நான் சிப்பாயின் துப்பாக்கி நுனியில் வைத்தேன். பின்னே, குண்டு அங்கேயிருந்துதானே கிளம்பும்?

"பேஸ்லேருந்து."

நானும் சிவகணேஷும் ஒருவரையொருவர் பார்த்தோம். இவர் இடது கையை நீட்டி, பொம்மை நிற்கிற வட்டத் தட்டைக் காட்டினார். "பேஸ்லேருந்து" என்றார் மறுபடி. எரிச்சலோடு. பழைய எரிச்சல்!

"என்ன சொன்னீங்க?" என்று பாய்ந்து கேட்டேன். உதடு இறுகிவிட்டது. "அது" என்றார்.

ஜூன் 9, திங்கள்

பேச்சுப் பயிற்சிக்கு வரும் முஃபீதாவிடம் சொன்னேன். மேலப்பாளையத்துப் பெண், சிரித்த முகம். ஒருமுறை செய்து காட்டச் சொன்னாள். டேப்பைத் துப்பாக்கி நுனியில் வைத்தேன். "பேஸ்" வந்தது.

"டீச்சர், இவங்ககிட்ட இனி கேள்வியே கேக்காதீங்க. கேட்டா வார்த்தையத் தேடுதாங்க, தேடுனா சிக்கிக்கிடுது. தப்பாச் சொல்லுங்க. திருத்தும்போது தேடாமலே வருது."

எனக்கு வந்த சோதனையைப் பார். இருபது வருஷமாகச் சிவப்பு மையோடு தப்பைச் சுழித்தே பிழைத்தவள், இனி தப்பு செய்து பிழைக்க வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

செத்த சூரியன் நூறு என்றேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 11, புதன்

சிவகணேஷிடம் போனில் புலம்பினேன். அவன் சிரிக்கிறான். "மைனி, நூறுன்னா கிறுக்குன்னு விட்டுருவாங்க. விளையாடத் தெரிஞ்சவன் பண்ணுத தப்பா இருக்கணும். கேட்டதும் உள்ள அரிக்கணும்லா?"

சரியாகத் தப்பு செய்ய, எல்லாம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டுமாம். புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன்.

ஜூன் 14, சனி

காலையில் உட்கார்ந்தவள் உலை வைக்க மறந்துவிட்டேன். அரிசி ஊறிச் சோறாகவே ஆகியிருக்கும் போல.

ஓரின் படை என்று ஒன்று. கப்பலிலேயே பிறந்து, கப்பலிலேயே செத்து, தலைமுறை தலைமுறையாக ஒரு போருக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் போர் அவர்கள் பாட்டன் காலத்திலேயே முடிந்துவிட்டது. முடிந்தது என்ற செய்தியும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறது. கப்பல் வேகமாகப் போவதால் அதனால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. இதைக் கதையாக மட்டும் விட்டார்களா? விதியாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். ஐந்தாம் சுற்று முடிவில் ஓரின் ஆட்டக்காரன் பகடை உருட்ட வேண்டும். ஆறு விழுந்தால் செய்தி வந்து சேர்ந்தது. அந்த நிமிஷமே அவன் படை சுடுவதை நிறுத்தும். ஆட்டத்தில் தோல்வி. ஆனால் அவர்கள் வரலாற்றில் அதற்குப் பெயர் வெற்றி.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த வீட்டு மேசையில் இதுவா நடந்துகொண்டிருந்தது? நான் அதற்குப் பக்கத்தில்தான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

பலிக்கிறது! கர்த்தருக்குத் தோத்திரம்.

"ஓரின் கப்பல்ல நாலு தளம்" என்றேன், காய் நறுக்கிக்கொண்டே, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "ஏழு" என்றார். "செய்தி வர அஞ்சு விழணும்." "ஆறு." "தெல்ம் முற்றுகையில ஜெயிச்சது தளபதி." மூச்சு விட்டார், தலையை ஆட்டினார். "தளபதி... செத்தான். சமையல்காரன். பெஸ்கோ."

பெஸ்கோ! எங்கே தப்பிக் கிடந்தது அந்தப் பெயர்? மண்டைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்து, சோறும் தண்ணீரும் பெண்டாட்டியும் அடித்துக்கொண்டு போன வெள்ளத்தில், இல்லாத ஊர்ச் சமையல்காரன் ஒருத்தன் நனையாமல் உட்கார்ந்திருக்கிறான்.

அவன் கதையும் படித்தேன். முற்றுகையில் தளபதி விழுந்ததும் படை சிதறுகிறது. இருட்டில் யார் கத்தினாலும் நிற்கவில்லை. சமையல்காரன் மட்டும் ஒவ்வொருத்தனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். தினமும் தட்டில் போடுகிறவன், எல்லார் பெயரும் தெரியும். நின்றுவிட்டார்கள். அதனால்தான் விதி: தளபதி விழுந்தால் கொடிக்காரன் அல்ல, சமையல்காரன் கட்டளையிடுவான். பெஸ்கோ பொம்மையை இவரே பல்செட் அக்ரிலிக்கில் செய்திருக்கிறார். கையில் கரண்டி, பல்லுக்குப் போடும் கம்பியில்.

ஜூன் 29, ஞாயிறு

இன்னொரு விதி. ஒரு சிப்பாய்க்கு எதிரி தெரிகிறானா என்று மேலேயிருந்து பார்த்துச் சொல்லக் கூடாது. குனிந்து, அந்தப் பொம்மையின் தலைக்குப் பின்னால் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

முட்டி வலியோடு மண்டியிட்டு, தாடையை மேசைமேல் வைத்தேன். அம்மாடி. மேசைமேல் இவர் கட்டிய கட்டிடமெல்லாம் பாட்டில் மூடியும் பல் அச்சு எடுக்கும் பிளாஸ்டரும்தான் என்று எனக்குத் தெரியும், நானே குப்பையில் போடப் பார்த்தவை. ஆனால் அங்கே, கீழே, பிரமாண்டமாக இடிந்த நகரம். கோபுர முனைகள் கண்ணுக்கு எட்டவில்லை. பால்கனி வெயில் தூண்களுக்கு நடுவே நீளமாக விழுந்து, கடைசிச் சூரியன் இதுதான் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் இருந்தேனோ.

நிமிர்ந்தால் இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதி முகம்தான் சிரிக்கும். அந்தப் பாதி நன்றாகச் சிரித்தது.

ஜூலை 5, சனி

இன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பொறாமை. வேறென்ன. பெஸ்கோவுக்குப் பேர் இருக்கு, அவன் கரண்டிக்குக்கூட ஒரு பேர் இருக்கு, எனக்கு மட்டும் இல்லையாக்கும்? சோறு போடுதது யாரு இந்த வீட்ல?

"நம்ம கல்யாணம் தூத்துக்குடியிலதான நடந்துச்சு" என்று தூண்டில் போட்டேன். இங்கே ஊசிக்கோபுரக் கோயிலில் நடந்தது, ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரிகிறது! வெடுக்கென்று நிமிர்ந்தார். "அது... அது... அது..." கழுத்து நரம்பு புடைத்தது. இடது கையால் மேசையைக் குத்தினார். பொம்மைகள் உருண்டன. அப்புறம் அழுதார். கல்யாணமாகி இதுவரை நான் பார்க்காத அழுகை.

தெரியும் அவுகளுக்கு. எல்லாந் தெரியும். உள்ள இருக்கு, வெளிய வர மாட்டேங்கு. நான் எதுக்குப் போய் அதைக் குத்துனேன்?

ஜூலை 8, செவ்வாய்

டவுணில் ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை. ஊரே அங்கே இருக்கிறது, நாங்கள் இரண்டு பேரும் டி.வி.யில் வடம் இழுப்பதைப் பார்த்தோம்.

விடுமுறையானாலும் முஃபீதா வந்தாள். சனிக்கிழமைக் கூத்தைச் சொன்னேன். திட்டவில்லை. "விளையாட்டுல தப்பாப் போனா ஒண்ணும் இல்ல டீச்சர். ஒங்க பேரு தப்பாப் போயிருமோன்னுதான் பயப்படுதாங்க. பயந்தா வராது. பைய வரட்டும்" என்றாள்.

அவள் போன பிறகு இவர் மேசைவரை நடந்து, விதிப் புத்தகத்தை ஒற்றைக் கையால் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்து, என் மடியில் போட்டார். பெருந்தன்மை. நான் பக்கத்தைத் திருப்பி, "ஓரின் படை ஆறு அங்குலம் நகரும்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எட்டு" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

முழு ஆட்டம். இவரும் நானும் ஓரின், சிவகணேஷ் எதிரி. பொம்மையை நகர்த்துவது நான், சொல்வது இவர். "இடது." "பின்னால போ." "சுடாத, சுடாத." சொற்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஜெயிக்கிற மாதிரி இருந்தோம். ஐந்தாம் சுற்றில் பகடையை இவர் இடது கையால் உருட்டினார்.

ஆறு.

செய்தி வந்து சேர்ந்துவிட்டது. எத்தனை தலைமுறைக்கு அப்புறம்! சிவகணேஷ் பொம்மைகளைப் பார்த்தபடி, "முடிஞ்சு போச்சுலே, வீட்டுக்குப் போங்க" என்றான். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. எனக்குப் புல்லரித்தது. கோயிலில் பாட்டு முடிந்து ஒரு நிமிஷம் அமைதியாக இருக்குமே, அப்படி இருந்தது.

இவர் என் கையைத் தட்டி, "ஜெயிச்சோம்" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று என்னைச் சாகடித்துவிட்டார்.

எங்கள் தளபதி விழுந்தான். நான் பெஸ்கோவை எடுக்கப் போனேன். "கொடிக்காரன்" என்றார். திரும்பிப் பார்த்தேன். "தளபதி விழுந்தா கொடிக்காரன்." தெளிவாக, நிதானமாக.

இதுவும் போச்சா? மிச்சமிருந்த ஒரே வெளிச்சமும் அணையப் போகிறதா? சிவகணேஷ் முகமும் வெளுத்துவிட்டது. குரலை அடக்கிக்கொண்டு, "இல்லங்க, சமையல்காரன். எல்லாரோட பேரும் அவனுக்குத்தான தெரியும்" என்றேன்.

முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டிருந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே நான் வைத்துக்கொள்கிற அதே முகம். பிறகு அந்தப் பாதி உதடு மெல்லக் கோணியது. தோள் குலுங்கியது.

படுபாவி! எனக்கே தூண்டில் போட்டிருக்கிறார். எப்போதிலிருந்து தெரியும் இவருக்கு? நான் சொன்ன தப்பெல்லாம் வேண்டுமென்றே சொன்னவை என்று தெரிந்துதான் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தாரா?

சிவகணேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்க அழிச்சாட்டியம் தாங்க முடியலவே" என்றான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் ஒரே ஓட்டம். மாவு பொங்கி வழிந்து, அதைத் துடைக்கவே நேரம் போய்விட்டது. அறையில் தலை வாரிக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து குரல்.

"ஏட்டி ராணி, செத்த சூரியன் எட்டு."

"ஒன்பது!" என்று உள்ளேயிருந்தே கத்தினேன். "விளையாட்ட விட்டுட்டு மாத்திரையப் போடுங்க மொதல்ல."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடி முருகன்குறிச்சியில் பஸ் பிடித்தேன். நல்லவேளை, உட்கார இடம் இருந்தது. கொக்கிரகுளம் பாலத்தில் பஸ் ஏறியது. ஆற்றில் நல்ல தண்ணீர். ஒன்பதில் எட்டு என்றால் எதை விட்டுவிட்டார், எந்தப் பக்கத்துத் தூண்டில் இது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அப்போதுதான் அந்த வாக்கியம் முதல் சொல்லிலிருந்து மறுபடி காதில் ஓடியது.

டீச்சர் புத்தி. தப்பு மட்டும்தான் காதில் விழுந்திருக்கிறது.

பாலம் முடிவதற்குள் முந்தானை நனைந்துவிட்டது. பக்கத்து சீட்டு அம்மாள் பயந்துபோய், "ஏன்மா அழுவுதிய? வீட்ல எதும் பிரச்சினையா?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. எங்க வீட்டுக்காரரு ஒன்பத எட்டுன்னுட்டாரு."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அதுக்காம்மா இந்த அழுக?"