மழை பெய்கிறதா என்று கேட்காத கோட்

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. குஷாய்குடா பஸ் நாற்பது நிமிடம் தாமதம். சாக்ஸ் ஈரம்.

எங்கள் மாடியைத் துடைக்கும் யாதம்மாவைக் காணோம். மூன்று முறை ‘லேட்’. ஆப் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டதாம். அந்த வருகைப்பதிவு ஆப்பை எழுதியது நான். மழை நாளில் அரை மணி சலுகை உண்டு. மூன்று நாளும் மழைதானே?

கேன்டீனில் ஒருவன்: “இவங்களுக்கு மழைன்னா ஒரு சாக்கு.” காரில் வருகிறவன். பத்தரைக்கு.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். கண்டுபிடித்தேன். என் தப்பு.

மேக்ரோ, அதாவது கோட் எழுதும் கோட். கம்பெனியின் எட்டுக் கட்டடத்துக்கும் விதிகளை அதுவே எழுதும். ‘இன்று மழையா?’ என்பதை குவோட்டுக்குள், மேற்கோள் போல, விட்டிருந்தால் கேள்வியாகவே இருந்து, தினமும் காலையில் கேட்டிருக்கும். நான் அன்குவோட் போட்டு அதை வெளியே எடுத்துவிட்டேன். பில்ட் செய்த, அதாவது ஆப்பைத் தயாரித்த, நொடியிலேயே கேட்டு, விடையை மட்டும் ஒட்டிக்கொண்டது. அது மே மாதம். ‘இல்லை.’ அதன்பின் ஊரே முழுகினாலும் ‘இல்லை’தான்.

பக்கத்து சீட் ஸ்டெல்லா, செகந்திராபாத்காரி: “சைலண்டா ஃபிக்ஸ் பண்ணிடு பா. போயி ஒத்துக்கறதெல்லாம் நக்கோ, வேணாம்.”

ஃபிக்ஸ் செய்தேன். வாயையும் மூடிக்கொண்டேன். சீ.

ஜூலை 16, புதன்

தலைவலி. மேனேஜரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூர்க்காரர்.

“இனிமே சரியா வருதுங்களா? அப்புறமென்ன. பழசைக் கிளறாதீங்க. எழுத்துல எதுவும் போட்டுறாதீங்க.”

“அவங்க வேலை போச்சு சார்.”

“காண்ட்ராக்ட் ஆளுங்க. நம்ம ஆளுங்க இல்லீங்களே.”

கக்கூஸ் கழுவும்போது மட்டும் நம் ஆள்.

ஜூலை 17, வியாழன்

வானம் வெளுத்திருந்தது. பின்கேட்டில் யாதம்மா, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க. தெரிந்த தெலுங்கில் சொன்னேன்: நீங்கள் லேட் இல்லை, நான் எழுதியதில்தான் தப்பு. திட்டட்டும் என்று நின்றேன்.

“காயிதம் மீத ராசிஸ்தவா, பிட்டா?”

காகிதத்தில் எழுதித் தருவாயா என்கிறார். மழை, பஸ் தாமதம் என்று அவர் சொன்னதெல்லாம் பொய் என்று சூப்பர்வைசர் சொன்னானாம். காண்ட்ராக்டரிடம் காட்ட வேண்டுமாம்.

செக்யூரிட்டியிடம் பேனா வாங்கினேன். மூன்று தேதிகள். மழை பெய்தது. ‘மென்பொருளின் தவறு’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அடித்து, ‘என் தவறு’. பெயர், ஊழியர் எண், கையெழுத்து.

யாதம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. செக்யூரிட்டியிடம் நீட்டினார். அவர் தெலுங்கில் உரக்கச் சொன்னார். கேட்டில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜரின் கார் உள்ளே நுழைந்துகொண்டிருந்தது.

யாதம்மா இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.