முந்நூற்றுப் பன்னிரண்டு கறுப்புப் படம்

தென்காசி
நவம்பர் 22

அன்பு மகன் ஒலி முகம்மதுக்கு உம்மா ஜாஹிரா பீவி சலாம் சொல்லி எழுதுவது. உடம்பு என்று பார்த்தால் இங்கே எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன். மனசு சுகமில்லை, அதைப் பிறகு எழுதுகிறேன், நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை ஹுஸ்னாவின் மூத்தவன் யூசுப் பாங்க் பரீட்சை தேறிவிட்டான், முதல் தடவையிலேயே. அவன் தங்கை, நம் புதுப்பெண் ரஸ்மியா பி.எட். முதல் வகுப்பு, அச்சன்புதூர் மாமியார் வீட்டிலும் நல்ல பேர் எடுத்திருக்கிறாள். உன் சின்னவன் சலீம் மத்ரசாவில் குர்ஆன் ஓதும் கிராஅத் போட்டியில் முதலாவதாக வந்தான், மூடியோடு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தார்கள், அதில்தான் இப்போது பால் வாங்குகிறோம். உன் மகள் மாஜிதா தை மாதம் நம் கொல்லையில் வைத்து எடுத்த படத்தைக் கல்லூரி மலரில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். ரோஜா நிறத்தில் புகை பூத்த மாதிரி இருக்கிறது, நெபுலா என்கிறாள், அதற்குள்ளே நட்சத்திரம் பிறக்குமாம். கீழே ஓ. மாஜிதா, இரண்டாம் ஆண்டு இயற்பியல் என்று அச்சடித்திருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பு, எழுத்துக்கூட்டி நானே படித்தேன். அந்த ஓ யாருடைய பேர் என்று உனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளை ஏன் லைனுக்கு வரமாட்டேன் என்கிறாள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். போனில் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நீ ஸ்பீக்கரில் போடுகிறாய், ரூமில் இருக்கிறவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது, பேச்சு உன் பக்கம் திரும்பினால் உடனே உனக்கு சிக்னல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். அங்கே வேலைக்குத் திரும்புகிற அகமது கபீர் வியாழக்கிழமை புளியறை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறான், அதிரசப் பொட்டலத்தோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன். அதிரசத்தை எல்லோருக்கும் கொடு. கடிதத்தைத் தனியாக இருந்து படி.

அக்டோபரில் நீ ரஸ்மியா கல்யாணத்துக்கு வந்தாயே, அந்த வாரம்தான் மேற்கே மலைக்கு மேல் வால்வெள்ளி தெரிந்தது. இஷா பாங்கு முடிந்து முக்கால் மணி நேரம், பிறகு குற்றாலத்து மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். இந்த வருசம் போனால் இனி ஆயிரம் வருசத்துக்கு மேல் ஆகுமாம் திரும்பி வர. ஐப்பசி மழைக்கு நடுவே வானம் வெளுத்தது நாலே நாலு நாள். கல்லூரியில் பாடம் எடுக்கிற பிரின்ஸ் சாரும் மாஜிதாவுமாக இரண்டு பலகையைக் கீல் போட்டு இணைத்து ஒரு தாங்கி செய்திருக்கிறார்கள், வானம் நகர நகர இவள் கையாலே திருகாணியைத் திருகிக்கொண்டு இருக்க வேண்டும், கேமராவும் கூடவே நகரும். அதை வடக்கு நட்சத்திரத்துக்கு நேரே வைக்க வேண்டுமாம், அது நம் ஊரில் மதிலுக்குச் சற்று மேலேதான் நிற்கிறது, அதற்காக இவள் கழுத்தை ஒடித்துக்கொண்டு தரையில் கிடப்பாள். பக்கத்து வீட்டு வடிவம்மாளிடம் பின்வாசல் விளக்கை அணைக்கச் சொல்லி தினமும் போய் நின்றது நான். என்ன ஆச்சி, எங்க வீட்டு லைட்டு பட்டா ஒங்க வால்வெள்ளிக்குக் கண்ணு கூசுதாக்கும் என்று கேலி பேசிக்கொண்டே அணைத்துவிடுவாள். ஒரு படத்துக்கு அரை நிமிடம். எத்தனை ஆயிற்று என்று தஸ்பீஹ் மணியை உருட்டி எண்ணிச் சொன்னதும் நான்தான். நாலு நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

ஒரே படம் எதற்கு முந்நூறு என்று கேட்டாய் அல்லவா. நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன், ஆனால் பதிலைக் கேட்டுக்கொண்டேன். ஒரு படத்தில் விழுகிற வெளிச்சம் ஒரு பொட்டு. அந்த முந்நூறையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்ப்யூட்டரில் அடுக்கினால்தான் வால் தெரியும், பச்சை நிறம் தெரியும். உன் வாப்பா தறியில் இருந்தவர். ஒரு நூலை எடுத்துக் காட்டி இதுதான் கைலியா என்று யாராவது சிரித்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்.

கல்யாண மண்டபத்தில் அவள் கேமராவை எடுத்து வைத்திருந்தாய், கார்டில் இடமில்லை என்று அது காட்டியதும் நீ திறந்து பார்த்தாய், எல்லாம் கறுப்பு. மகளைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்க உனக்கு நேரமில்லை, ஆனால் ஒரு படத்தைக் குடும்பக் குரூப்பில் போட நேரம் இருந்தது. என் மகள் எடுத்த வால்வெள்ளி, கண்டுபிடிப்பவருக்கு ஒரு பிரியாணி இலவசம் என்று எழுதினாய். மச்சான் கரண்ட் போயிருச்சா என்று ஒருத்தர், அடுப்புக் கரியைப் படம் பிடிச்சியா என்று ஒருத்தர். சிரிப்பு அடங்குவதற்குள் மிச்சம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மாப்பிள்ளை ஊர்வலத்தை எடுத்துக்கொண்டிருந்தாய். மணப்பெண் அறையில் இருந்த பிள்ளை போனைப் பார்த்துவிட்டு ஓடி வந்தபோது நீ அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. ஏட்டி, ஒரே கறுப்ப முந்நூறு தடவ எடுத்து வச்சிருக்கியே, ஒனக்குக் கோட்டியா புடிச்சிருக்கு, ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எடுத்துக்க என்றாய். கேமரா நான் வாங்கித் தந்ததுதானே என்றும் சொன்னாய். அவள் திரும்பிப் போய்ப் பந்தியில் உனக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

இரண்டு நாள் கழித்து மழை. தொடர்ந்து பத்து நாள் மழை. நீ ஐந்தாம் நாள் விமானம் ஏறிவிட்டாய், வால்வெள்ளியும் போய்விட்டது. பிரின்ஸ் சார் அந்தக் கார்டை இங்கே டவுனில் ஒரு கடையில் கொடுத்து அழிந்ததை மீட்கப் பார்த்தார். மேலே கல்யாண வீடியோ ஏறிவிட்டதால் ஒன்பதுதான் வந்தது, அதிலும் பாதி வானம், பாதி சாம்பல் பட்டை. முதல் நாள் எடுத்த நாற்பத்தொன்றை மட்டும் கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள், பிறகு தீபாவளி லீவு விட்டுப் பூட்டிவிட்டார்கள். அந்த நாற்பத்தொன்றை வைத்து ஒரு படம் செய்தாள். மங்கல்தான், வாலில் பாதி இல்லை, ஆனால் அது வால்வெள்ளி, யார் பார்த்தாலும் தெரியும்.

குரூப்பில் யார் யார் சிரித்தார்கள் என்று பேர் பேராகத் தெரிகிறது. முப்பத்தெட்டுப் பேர். அதில் நானும் ஒருத்தி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்தில் இருந்து சிரித்தார்கள், நானும் அந்த மஞ்சள் மூஞ்சியைத் தொட்டுவிட்டேன். மணி உருட்டி எண்ணினவள் நான், அது என்ன படம் என்று தெரிந்தே சிரித்தேன். நீ அழிக்கப் போகிறாய் என்பது மட்டும் தெரியாது. மாஜிதாவிடம் மன்னிப்புக் கேட்டேன், சரி வாப்பும்மா என்றாள். உன்னை மட்டும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது விசயம் இது. மலை மேல் ஒரு வானாராய்ச்சி இடத்தில் பத்து நாள் பயிற்சி. தான் எடுத்த படம் ஒன்றை வைத்து டிசம்பர் ஐந்துக்குள் மனு அனுப்ப வேண்டும். பிரின்ஸ் சார் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். இவள் பலகையைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டாள். கறுப்புப் படம் எடுக்குதவளை அங்கன யார் கூப்பிடப் போறா சார் என்கிறாள். அவள் உம்மாவும் சொல்லிப் பார்த்துவிட்டாள், நானும் சொல்லிவிட்டேன். எங்கள் பேச்சு எடுபடவில்லை. சிரிப்பை ஆரம்பித்தவன் சொன்னால்தான் எடுபடும்.

ஹுஸ்னா போனிலிருந்து அந்த நாற்பத்தொன்றில் செய்த படம் உனக்கு இன்றைக்கு வந்திருக்கும். மாஜிதாவைக் கேட்டுத்தான் அனுப்பச் சொன்னேன். அனுப்புங்க, ஆனா வாப்பா போடமாட்டாங்க என்றாள். நீ அதைக் குரூப்பில் போடு. இது என் மகள் எடுத்தது, மிச்சத்தை அழித்தது நான் என்று எழுது. ஜோக்கு எதுவும் சேர்க்காதே. கூச்சமாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

உனக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளும் வேலையில் பரக்கத்தும், பெற்ற பிள்ளையிடம் தப்பை ஒப்புக்கொள்ளும் மனசும் தருவானாக. மாத்திரையை நேரத்துக்குப் போடு, ஏசிக்கு நேரே படுக்காதே. ஐந்தாம் தேதி என்பதை மறந்துவிடாதே, கபீர் வந்து சேர்ந்த பிறகு உனக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. படத்தை அவளுக்குத் தனியாக அனுப்பி, நல்லா இருக்கு மகளே என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. முப்பத்தெட்டுப் பேரும் பார்க்கிற இடத்தில் போடு.

இப்படிக்கு,
உன் உம்மா
ஜாஹிரா பீவி